கப்பல் சீட்டில் ஒரு ‘வ’

கள்ளக்குறிச்சியில் கடல் இல்லை. ஏரியே வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும். ஆனாலும் என் வேலையைக் காவு வாங்கியது ஒரு கப்பல் காகிதம்தான்.

கல்வராயன் மலைக் கடுக்காயை வாங்கி வெளிநாட்டுத் தோல் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஒரு மண்டியில் நான் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் மூன்று வருஷம் நின்று அலுத்த பிறகு கிடைத்த வேலை அது. எங்கள் வீட்டில் கரும்பு வெட்டப் போகாத முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

சரக்கு கப்பலில் ஏறியதும் சென்னையில் கப்பல் ஏஜென்ட் ஒரு பத்திரம் தருவார். பில் ஆஃப் லேடிங் என்று பெயர். எங்கள் முதலாளிக்கு அது கப்பல் சீட்டு. மூன்று அசல் இருக்கும். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் அக்கரையில் சரக்கைத் தருவார்கள். வாங்குகிறவரின் வங்கி அனுப்பும் கடிதத்தில் இருப்பது சீட்டிலும் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். சீட்டில் என்ன வரவேண்டும் என்று டைப் அடித்து ஏஜென்டுக்கு அனுப்புவது என் பொறுப்பு.

அந்த முறை வந்த கடிதத்தில் ‘கல்ராயன்’ மலைக் கடுக்காய் என்று இங்கிலீஷில் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரிகிற மலை. அதன் பெயரை எவனோ எனக்குச் சொல்லித் தருவதா? ‘வ’வைச் சேர்த்துக் கல்வராயன் என்று அடித்து அனுப்பினேன். அப்படியே சீட்டு வந்தது. கப்பலும் போய்விட்டது.

எங்கள் ஊர் வங்கி மேலாளர் பெயர் ஒத்துப்போகவில்லை என்று மூன்று சீட்டையும் திருப்பித் தந்தார். சென்னைக்குப் போய் ஏஜென்டிடம் பெயரைத் திருத்தி, வெள்ளிக்கிழமைக்குள் அங்கேயே வங்கியின் பெரிய கிளையில் கொடுக்க வேண்டும், தவறினால் வாங்குகிறவர் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். அன்று செவ்வாய். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் சாலை மறியல் தொடங்கி இரண்டாம் நாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்கூட நகரவில்லை.

“மலைக்குப் பேரு வெக்கச் சொல்லி ஒன்ன யாருப்பா கேட்டாங்க?” என்றார் முதலாளி. “வெள்ளிக்குள்ள இது போவலன்னா, நீ மண்டிப் பக்கமே வராத.”

சீட்டுகளைப் பாலிதீன் உறையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை போய்விட்டால் ரயில் ஏதாவது கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. தியாகதுருகம் தாண்டியதும் புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் கோடாலியோடு உட்கார்ந்திருந்தவன் என் அண்ணன்.

எனக்கு உயிர் வந்தது. இறங்கி ஓடிப்போய்க் காகிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

“சரியா எழுதனதுக்கா வேல போவுது?” என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கக் குனிந்தும் விட்டான்.

“ஒந்தம்பின்னா வுட்டுடுவியா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “நேத்து எங்க மாமன மட்டும் திருப்பி அனுப்புனியே?”

அண்ணன் நிமிர்ந்தான். காது சிவந்திருந்தது.

“வூட்டுக்குப் போடா,” என்றான். “ஒன்ன மாதிரி படிச்சவனுக்கு வேல வரணும்னுதான்டா இங்க ஒக்காந்துகினு இருக்கோம்.”

“இருக்கற வேல போவுதுண்ணா!” என்று கத்தினேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன். “ரோடு தொறந்தா போயிடும், போ,” என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன்மேல் அன்று எனக்கு வந்த வெறுப்பு வேறு யார்மேலும் வந்ததில்லை.

வயல் வரப்பில் சைக்கிளை உருட்டிச் சுற்றிப் போனேன். அங்கே போலீஸ் மடக்கியது. புதன், வியாழன் இரண்டு நாளும் போய்ப் போய்த் திரும்பினேன். வெள்ளிக்கிழமை பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சாலை திறந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். ஏஜென்ட் அலுவலகத்தில் ஒருவர் டீ குடித்துக்கொண்டே மூன்று சீட்டிலும் அந்த ‘வ’வைக் கோடு போட்டு அடித்து முத்திரை குத்தினார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. வங்கியில் தேதியைப் பார்த்துவிட்டுச் சீட்டுகளை என் பக்கம் தள்ளினார்கள். மண்டியில் முதலாளி என் டைப்ரைட்டர் உறையை அவரே எடுத்து மூடினார்.

மறியலில் கைதான அண்ணன் ஜெயிலிலிருந்து பதினைந்து நாள் கழித்து வந்தான். லத்தி பட்ட வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அம்மா போட்ட சோற்றை இடது கையால் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“டேய், அந்தக் காயிதம் போச்சா?”

அந்தக் கையைப் பார்த்தேன். அத்தனை நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை.

“போச்சிண்ணா,” என்றேன்.

“நான்தான் சொன்னேன்ல, போயிடும்னு,” என்று பெருமூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை அரவைக்குத் திறந்த அன்று, வீட்டில் மண்டிக்கு என்று சொல்லிவிட்டு வழக்கமான நேரத்தில் கிளம்பினேன். பையில் அண்ணனுடைய கரும்பு வெட்டும் கத்தி இருந்தது.