பச்சை காட்டிய பேக்கப்பும் மச்சாளின் ஊசியும்

போன கிழமை என் மச்சாளைக் கொல்லப் பார்த்தார்கள்.

ஓம், சரியாகத்தான் வாசிக்கிறீர்கள். பட்டப்பகலில், ஏசி போட்ட அறையில், 'அம்மா, அம்மா' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே!

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. கட்டைபறிச்சானில் இருக்கிறார். மீன் வெட்டும்போது முள் ஏறி, விரல் பழுத்து வீங்கிவிட்டது. பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்தவரை, வழக்கமாகக் காட்டுகிற தனியார் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அன்று ஒரு புது டொக்டர். திரையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், ஊசி எழுதினார்.

ஊசி அறையில் நேர்ஸ் மருந்தை எடுத்தபோதுதான் மச்சாள் அதன் பெயரைக் கேட்டார். கேட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"பிள்ளை, இது எனக்கு ஒத்துக்கொள்ளாது. போன முறை இஞ்சதான் போட்டவை. உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு எடுக்க ஏலாமப் போட்டுது. அந்த டொக்டர் கொம்பியூட்டரில எழுதினவர்."

நேர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சிஸ்டத்தில அப்பிடி ஒண்டும் இல்லை அம்மா. போன முறை நீங்கள் வந்ததாவே இல்லை. வேற எங்கயும் காட்டினனீங்களோ?"

அதைக் கேட்டு மச்சாள் என்ன செய்தார் தெரியுமா? "அப்ப நான்தான் மாறிச் சொல்லுறனோ... படிச்ச பிள்ளையள் பாத்துத்தானே சொல்லுவினம்" என்று, இழுத்த கையைத் திரும்பவும் நீட்டினார்!

"வேணுமெண்டா கொஞ்சமாப் போட்டு டெஸ்ட் பண்ணிப் பாப்பம்" என்றார் நேர்ஸ்.

எனக்கு வந்ததே கோபம்! மூச்சை அடைத்த மருந்தையா டெஸ்ட் பண்ணுவது?

"வையும் பிள்ளை அந்த ஊசியை!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! போன முறை மச்சாள் மூச்சுக்குத் தவித்தபோது பக்கத்தில் நின்றவள் நான். டொக்டர் டைப் பண்ணியதைக் கண்ணால் கண்டவளும் நான். "ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டதற்கு, "துண்டு என்னத்துக்கு, எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கு" என்று சிரித்ததும் இதே கிளினிக்தான்.

நேரே மனேஜரிடம் போனேன். அவர் கதிரையில் சாய்ந்தபடியே கொம்பியூட்டர் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி வந்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மிஸ்... இடையில ஒருக்கா டேட்டாபேஸ் பழுதாப் போச்சு. பேக்கப்பில, எடுத்து வச்ச நகலில இருந்து, திருப்பிப் போட்டு ரிஸ்டோர் பண்ணினனாங்கள்."

"எந்தப் பேக்கப்பில இருந்து?"

தம்பி மனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்தது, திருப்பிப் போட்டது எல்லாத்துக்கும் அதுக்குள்ள ஒரு வரலாறு இருக்கும்தானே? திறவும். பாப்பம்." சும்மா சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அலுவலகத்தில் இதோடு மாரடித்தவள்தான்.

திறந்தார். அடேயப்பா, என்ன அழகு! ஒவ்வொரு நாளும் பேக்கப் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'வெற்றி' என்று பச்சை அடையாளம். கீழே ரிஸ்டோர் செய்த வரலாறு. அங்கே 'தோல்வி' என்று சிவப்பு, சிவப்பு, திரும்பவும் சிவப்பு... கடைசியில் ஒரேயொரு பச்சை. அது மச்சாளுக்கு மூச்சடைத்த நாளுக்கு எவ்வளவோ முந்தி எடுத்த பேக்கப்.

"இவ்வளவு பச்சை இருக்கே, ஏன் ஒண்டும் வேலை செய்யேல்ல?"

"அது எடுத்தாச்சு எண்டுதான் மிஸ் காட்டும். திருப்பிப் போட்டுப் பாத்தாத்தான் நல்லதோ பழுதோ எண்டு தெரியும்."

"முதல் ஒருக்காலும் போட்டுப் பாக்கேல்லயோ?"

தம்பி இல்லையென்று தலையாட்டினார். பானையைத் திறந்தே பார்க்காமல் சோறு பழுதாகவில்லை என்று பந்தி வைத்திருக்கிறார்கள்!

சரி, மெஷின் பழுதாகும். கடற்காற்று படுகிற ஊரில் எதுதான் பழுதாகாது? அதற்கு நான் சண்டை பிடிக்கவில்லை. பழைய பேக்கப்பைப் போட்டால் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அழிந்துவிடும் என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் டொக்டர்மாருக்குச் சொல்லவில்லை. நேர்ஸ்மாருக்குச் சொல்லவில்லை. ஏன்?

மனேஜர் சொன்னார்: "சொன்னா ஆக்கள் வீணாப் பயப்படுவினம் மிஸ். கிளினிக்கின்ர பேரும் கெட்டுப்போகும். நல்ல காலம், ஒண்டும் நடக்கேல்லத்தானே?"

நல்ல காலமாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, மற்றவர்களின் உயிரில் நல்ல காலம் பார்க்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த மற்ற ஆட்கள்? இன்சுலின் போடுகிற சீனி வருத்தக்காரர், பிள்ளைத்தாச்சிகள்? அவர்களைப் பற்றி எழுதியதும் அழிந்துதானே போயிருக்கும்? கேட்டேன். "அதைப் பிறகு பாப்பம்" என்றார்.

நமக்கும் ஒரு வியாதி இருக்கிறது. முன்னால் இருக்கிற மனுசி வாய் திறந்து சொன்னால் நம்பமாட்டோம். திரை சொன்னால் நம்புவோம். போதாததற்கு, அந்த மனுசியும் தன்னை விட்டுவிட்டுத் திரையை நம்புகிறார்!

டொக்டர் வந்து விசயத்தைக் கேட்டு, முகம் வெளிறிப்போய், மருந்தை மாற்றி எழுதினார். நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். மனேஜர் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார்.

என் பின்னாலேயே வந்து நின்ற மச்சாள் மனேஜரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, எனக்கு வாய் இருந்தது, சொன்னன். மயங்கின ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தா, நீங்கள் ஆரிட்டக் கேப்பீங்கள்?"

மனேஜர் அப்போதுதான் கதிரையை விட்டு எழும்பினார். வாசலில் பெயரும் போன் நம்பரும் எழுதுகிற கொப்பியைப் பார்த்து, அந்த நாட்களில் வந்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடச் சொன்னார்.

ஒரு ஆள் கதிரையை விட்டு எழும்ப, இன்னொரு ஆளுக்கு மூச்சு நிற்கப் பார்க்கவேண்டுமா?