போனட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னுக்கு வந்த இரண்டாம் வருடம், செம்மஞ்சள் நிறத்தில், எட்டு சிலிண்டர் எஞ்சினோடு ஒரு வி-எயிற் கார் வாங்கினேன். இரண்டே கதவுகள், ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு யன்னலும் அதிரும். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிய கோபத்தில், மனைவி அந்தக் காரைப் பற்றிப் பேசவே இல்லை.

போனட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள் அடிக்க எனக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை காலை, வெறும் கண்மட்டத்தில் டேப் ஒட்டிப் பார்த்தேன். மூன்று முறை ஒட்டி, மூன்று முறையும் உரித்தேன். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவள், தையல் சோக்கும் அளவு நாடாவுமாக வெளியே வந்தாள்.

"இடப்பக்கம் சாயுது. விடுங்கோ, நான் கீறுறன்."

சட்டைத் துணியில் குறிப்பதுபோல நடுவை அளந்து, நூல் பிடித்துக் கோடு கீறினாள். அதன்படி டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்தோம். பின்னேரம் உரித்தபோது கோடுகள் நேராக நின்றன.

"நான் ஒருக்கா காரை ஓடிப் பாக்கட்டோ?" என்று கேட்டாள்.

"உமக்கு ஓடத் தெரியுமோ?"

"கொழும்பில அப்பாவின்ர காரை நான்தானே ஓடினனான். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."

கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். கியர் மாற்றுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கிளென் வேவர்லி வரை போய்த் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினாள். அன்றைக்குத்தான் நான் அவளைப் பற்றி அவளிடமே கேட்கத் தொடங்கினேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.