தணிகாசலம் சார் போட்ட ஓட்டை

வேங்கிக்காலிலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தபோது காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். புவியியல் தணிகாசலம் சார் போய்விட்டார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இறந்தவரைப் பற்றி நல்லதே பேசு என்று கான்வெண்டில் சொல்லித்தந்தார்கள். பொய் பேசாதே என்றும் அவர்களேதான் சொல்லித்தந்தார்கள்.

நம் பெண்கள் பள்ளியில் அவரோடு பணியாற்றிய உங்களுக்கு அவர் குணம் தெரியும். என் கணவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர், கூடத்து நாட்காட்டியிலிருந்த இந்திய வரைபடத்தைப் பார்த்து, "இதுல இலங்கை தள்ளிப் போயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

என் கணவர் சுந்தரம், தென்துருவப் பனிக்கண்டத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க வயர்லெஸ் வேலை பார்த்தவர். அங்கே தண்ணீருக்குள் நீண்ட ஒரு பாறைத் துண்டில் அவர் வழுக்கி விழ, கூட இருந்தவர்கள் அதைச் சுந்தரம் முனை என்றே அழைத்தார்களாம். அவர் காலமான மறுவருடம், எட்டாம் வகுப்பில் தொங்கிய துணி உலகப் படத்தில், அந்தக் கண்டத்திலிருந்து வால்போல் நீளும் தீபகற்பத்தின் மேல் அந்தப் பெயரை மசியால் எழுதினேன்.

மறுநாள் தணிகாசலம் சார் என்னை வகுப்புக்கு வரவழைத்து, பிள்ளைகள் எதிரிலேயே அதைப் பிளேடால் சுரண்டினார்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் தங்குனது ஆப்பிரிக்காவப் பாத்த பக்கம். இது தென் அமெரிக்காவப் பாத்த வால். இதுக்கு ஆளாளுக்கு ஒரு பேர் வெச்சு நாடுங்க சண்ட போட்டது போதாதா? நீங்க வேற வந்துட்டீங்க."

"நம்ம பக்கத்து ஊரு அடி அண்ணாமலைக்கு யார் சார் ஆர்டர் போட்டு பேர் வெச்சாங்க? ஜனங்க கூப்பிட்டாங்க, நின்னுடுச்சு."

"அங்க கூப்பிட ஜனங்க இருக்காங்க. இங்க பென்குயின்தான் கூப்பிடணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். துணி கிழிந்து ஓட்டை விழுந்தது. அதன்பின் நான் அவரோடு பேசவில்லை.

அன்று மாலை கணவரின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். அவர் தங்கியது ஆப்பிரிக்காவைப் பார்த்த பக்கம்தான். வழுக்கி விழுந்தது கடலில்கூட இல்லை, ஓர் ஏரியில். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாவு வீட்டில் பழைய மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்தாள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள்.

"மிஸ், வருஷா வருஷம் அந்த ஓட்டையக் காட்டி, 'இங்க என்ன பேர் இருந்துச்சு, அது ஏன் தப்பு'னு கேப்பாரு. சுந்தரம் முனைனு எழுதலன்னா மார்க் கம்மி பண்ணிடுவாரு."

என் கணவரின் பெயரை ஒரு பிழையாகவே பள்ளி முழுக்கப் படிக்கவைத்திருக்கிறார். அவரை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பெயரை என்னைவிட அதிகம் பேர் வாயில் வரவழைத்தவர் அவர்தான்.

பள்ளியில் கழித்துப்போட்ட அந்தப் படம் இப்போது என் கூடத்தில் தொங்குகிறது. ஓட்டையைத் தைத்துத் தரட்டுமா என்றாள் மருமகள். வேண்டாம், அதில் கை வைக்காதே என்றேன்.