டர்போவுக்கு எந்த ஆயில்?

அந்த ஐப்பசி முழுக்க நானும் என் கணவரும் பேசிக்கொண்டது இன்ஜின் ஆயிலைப் பற்றித்தான். அவர் வளைகுடாவில் ஒரு வண்டிப் பட்டறையில் மெக்கானிக். நான் திருவிடைமருதூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவர் லீவில் வந்து என்னோடு இருந்த நாட்களை ஒருமுறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். மூன்று வருஷம்கூடத் தேறவில்லை. கூட்டாமலே இருந்திருக்கலாம்.

போன லீவில் ஒரு பழைய டர்போ டீசல் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். "வர்ற பொங்கலோட ஒரேயடியா வந்துடுறேன். கும்பகோணம் ரோட்டுல சொந்தமா பட்டறை போடுறோம். ஞாயித்துக்கிழமையானா இதுலதான் நாம சுத்தப் போறோம்" என்றார். இதே பேச்சை முந்தைய லீவுகளிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் வாசலில் கார் நின்றதில்லை. இந்தத் தடவை நின்றது, அதனால் நம்பிவிட்டேன். கணக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் வீடியோ காலில் வந்ததும் முதலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். நான் பானட்டைத் திறந்து போனை உள்ளே காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். நான் அழுதுவிட்டு வந்து பேசினால் மட்டும் "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. பல வெள்ளிக்கிழமைகள் பட்டென்று போனை வைத்திருக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலமாகப் புகை வர ஆரம்பித்தது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ ஆயிலைக் குடிக்கிறது என்றார் என் கணவர். ஆயில் மாற்ற வேண்டிய நேரமும் அதுதான். எதை ஊற்றுவது என்பதில் தகராறு வந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் டிராக்டரும் அறுவடை மிஷினும் பார்த்துப் பழகியவர். 15W-40 போதும் என்றார். "இங்க என்ன பனியா கொட்டுது டீச்சர்? நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியா இருந்தாதான் நிக்கும்."

இதைச் சொன்னதும் என் கணவர் போனிலேயே குதித்தார். "டிராக்டருக்கு ஊத்துறதை இதுக்கும் ஊத்தச் சொல்றாரா? டர்போ என்ன வேகத்துல சுத்தும் தெரியுமா? ஸ்டார்ட் பண்ணின உடனே அங்க ஆயில் ஏறணும். கெட்டி ஆயில் மெதுவா ஏறுறதுக்குள்ள உள்ளே தேஞ்சு போயிடும். 5W-30, லேசான ஆயில், ஃபுல் சிந்தெட்டிக். வேற எதையும் கிட்ட சேக்காத." மூன்று வாரம் இதே பாட்டு. கடைசியில் நானே கும்பகோணம் போய், அவர் சொன்ன கேனையே வாங்கி வந்து டிக்கியில் வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முகம் கேமராவைப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவும் இல்லை. "அந்தக் கேன் கிடக்கட்டும். 20W-50 ஊத்திடச் சொல்லு" என்றார். மெக்கானிக் சொன்னதைவிடவும் கெட்டியான ஆயில் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க, தோத்துட்டீங்களா?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மழையிலேயே வண்டியை எடுத்தேன். வழி நெடுக சம்பா நடவு தண்ணீருக்குள் கிடந்தது. நட்டவர்கள் வரப்பில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் தன் ஷெட்டில் வண்டியை ஏற்றி, அடியில் தட்டை வைத்துப் பழைய ஆயிலை இறக்கினார். கறுப்பாக ஒழுகியது. நான் 20W-50 என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வண்டியை விக்கப் போறீங்களா டீச்சர்?"

"யாரு சொன்னா?"

"இல்ல, புகை விடுற வண்டிக்கு இதை ஊத்துனா கொஞ்ச நாளைக்குப் புகையும் அடங்கும், சத்தமும் அடங்கும். பாக்க வர்றவங்க நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பாப்பாங்க. ஒண்ணும் தெரியாது. வச்சு ஓட்டுறவங்க டர்போ வண்டிக்கு இவ்வளவு கெட்டியா ஊத்த மாட்டாங்க. சார் தொழில்காரர், அவருக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாததில்லை. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. வேலை நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த சட்டம். கூப்பிட்டேன்.

"வண்டியை விக்கச் சொல்றீங்களா?"

அவர் பக்கம் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "டர்போ ரொம்ப நாள் தாங்காது. அதுக்குள்ள தள்ளிவிட்டுட்டா நல்லது."

"நான் டர்போவைக் கேக்கல. பொங்கலுக்கு வர்றீங்களா, இல்லையா?"

இரும்புச் சத்தத்தை விட்டு அவர் தள்ளிப் போவது கேட்டது. "இங்கேயே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"புரட்டாசியில."

புரட்டாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐப்பசி முழுக்க என்னோடு ஆயிலுக்காக மல்லுக்கட்டியிருக்கிறார். சொல்ல வாய் வராமல் ஆயிலைப் பேசிக்கொண்டே இருந்தாரா, வந்துவிடலாம் என்று அவருக்கே கொஞ்சம் ஆசை மிச்சம் இருந்ததா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் கேட்கவில்லை. அன்றைக்குத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது, போனை வைத்துவிட்டேன்.

மெக்கானிக் எதையும் கேட்காதவர் போலத் தட்டை நகர்த்தினார். ஆயில் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. எதையாவது ஊற்றித்தான் ஆக வேண்டும்.

"எதை ஊத்தட்டும் டீச்சர்?"

டிக்கியைத் திறந்து கேனை எடுத்துக் கொடுத்தேன். "இதையே ஊத்துங்க."

"விக்கிறதா இருந்தா, புகை தெரியுமே."

"தெரியட்டும்" என்றேன். "வாங்க வர்றவங்களாவது தெரிஞ்சு வாங்கட்டும்."