ஆட்சி இல்லாத நாளில் வந்த தண்ணீர்

கார்மோசினாவின் கழுத்தைப் பார்த்தாலே அவள் தொழில் தெரிந்துவிடும். சுமை தூக்கித் தூக்கித் தடித்து உரமேறிய கழுத்து. பள்ளத்து ஊற்றில் மரப்பீப்பாயை நிரப்பி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு, இத்தாலியின் செர்ரசெக்கா மலையூரின் கற்படிகளில் ஏறுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அதே வேலை. புருஷன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். முதலில் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. மூலையில் உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமேது? மேல்தெருப் பெரிய வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தே மகனை ஆளாக்கினாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் பீப்பாயோடு வரும்போது வழிவிடாத கழுதைக்காரன் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அரசாங்கம் ஒருவழியாக மலைமேல் வரைக்கும் குழாய் போட்டுக் கொடுத்தது. தேவாலயத்துக்கு எதிரே, சதுக்கத்தின் நடுவில், சிங்கமுகம் வைத்த கல்தொட்டி எழும்பியது. சிங்கத்தின் வாய்வரை தண்ணீர் வந்து நின்றது. கல்லில் காதை வைத்தால் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் ஒரு சொட்டு வெளியே வராது. காரணம் மேயர் டான் ஒராசியோ. ரோமிலிருந்து மந்திரி வந்து தன் கையால் சாவியைத் திருப்பினால்தான் தண்ணீர் விழவேண்டும் என்பது அவர் பிடிவாதம். மந்திரி வந்தால் மேயரின் மார்பில் ஒரு பதக்கம் ஏறும். ஊர் தாகத்தைவிட அவருக்கு அந்தப் பதக்கத்தின்மேல்தான் தாகம்.

அதோடு விட்டாரா மனுஷன்? இன்னார் பிரதமராக இருந்தபோது இந்தத் தண்ணீர் வந்தது என்று பளிங்கில் பெயர் வெட்டச் சொன்னார். கார்மோசினாவின் கொழுந்தன் கானியோதான் கல்தச்சன். முதலில் ஊர்க்காரர்கள் ‘நீளத்தாடி’ என்று அழைத்த பிரதமரின் பெயரை வெட்டினான். மந்திரி வரத் தேதி குறித்தார்கள். அதற்குள் ரோமில் ஓட்டெடுப்பில் தாடி கவிழ்ந்தது, கூடவே மந்திரியும். பளிங்கைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ‘வழுக்கை’யின் பெயரை வெட்டினான். திராட்சை அறுவடைக்கு முன்பே வழுக்கையும் கவிழ்ந்தது. பிறகு இழைத்து இழைத்து அதே கல்லில் ‘வக்கீல்’ ஏறினார், இறங்கினார்.

“அண்ணி, கடைசி எழுத்தை வெட்டிட்டு உளியக் கீழ வைக்கிறதுக்குள்ள ஆளு காலி!” என்று தலையில் கைவைத்துக்கொள்வான் கானியோ.

“அப்ப நீ உளியவே தொடாதப்பா. தொடறப்பல்லாம் ரோமுல ஒருத்தன் விழறான்.”

“இன்னும் ரெண்டு பிரதமர் வந்தா கல்லுக்கு அந்தப் பக்கம் ஆளு தெரியும் அண்ணி.”

சிரித்தாள்தான். ஆனால் சுமை குறையவில்லை. ரோமில் யார் வந்தால் என்ன, யார் போனால் என்ன. ஏறி இறங்குவது அவள் முழங்கால். அடுத்த வசந்தத்தில் ஒருநாள் படியில் வழுக்கி விழுந்தாள். பீப்பாய் உருண்டுபோய்ப் பள்ளத்தில் சிதறியது. கால் பூசணிக்காயாக வீங்கியது. மறுநாள் இரவல் பீப்பாயோடு மறுபடி இறங்கினாள், வேறு வழியில்லை. அன்றைக்கு மேயர் வீட்டுச் சமையலறைப் பானையை நிரப்பிவிட்டு, அங்கேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

“டான் ஒராசியோ, தண்ணியத் தெறந்து விடுங்க. மந்திரி வர்றப்ப மூடி வெச்சு, அவரு கையால மறுபடி தெறந்துக்கலாம்.”

“விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி பந்தி வைக்கிறதா? நல்லாருக்கே! அதுவும் யாரு காலத்துலன்னு தெறக்கறது? இவரு காலத்துல தெறந்தா அடுத்து வர்றவரு கோவிச்சுக்குவாரு. கொஞ்சம் பொறு கார்மோசினா.”

“பொறுக்கறது நானு. குடிக்கறது நீங்க.”

வெளியே வந்தால் பக்கத்துவீட்டு மென்கா பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, தண்ணி வந்தா உன் பொழப்பே போயிருமே. இதுக்கா இப்படிக் குதிக்கிற?”

“போகட்டும். போச்சேன்னு அழற அளவுக்கு அது என்ன நல்ல பொழப்பா?” என்றாள் கார்மோசினா. பிற்பாடு அதே தொட்டியடியில் பெரிய வீட்டுத் துணிகளை வெளுத்து முன்னைவிட நன்றாகவே பிழைத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது. பயந்துகொண்டேதான் சொன்னாள்.

ஜூன் மாதம் நாலாவது ஆட்சியின் மந்திரி நிஜமாகவே ரயிலேறிவிட்டார் என்று சேதி வந்தது. ஊரே அமர்க்களப்பட்டது. இலைவளைவு கட்டினார்கள், வேட்டு வரிசையாக அடுக்கினார்கள், பேண்டுக்காரர்கள் பித்தானைத் துலக்கினார்கள். டான் ஒராசியோ சிவப்பு வெல்வெட் தலையணையில் வால்வுச் சாவியை வைத்து ஏந்திக்கொண்டு, வெயிலில் வியர்த்து வழிய நின்றார். கார்மோசினா முன்வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

மந்திரி வரவில்லை. தபால் குமாஸ்தாதான் ஓடிவந்தார், கையில் தந்தியோடு. மேயர் படித்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“ஆட்சி கவுந்துருச்சு. மந்திரி பாதி வழியில எறங்கித் திரும்பிட்டாரு.”

கொடி போர்த்திய பளிங்குக்குப் பக்கத்தில் கானியோ தரையில் உட்கார்ந்துவிட்டான். “எழுத்துக்குப் பூசுன மையி இன்னும் காயல,” என்றான் அழமாட்டாத குறையாக.

“எல்லாரும் வீட்டுக்குப் போங்க,” என்றார் மேயர். “புது ஆட்சி அமைஞ்சதும்...”

கார்மோசினாவுக்குப் பள்ளத்துப் படிகள் கண்முன்னே வந்தன. கோபம் தலைக்கேறியது. முன்னால் வந்து நின்றாள்.

“இருங்க இருங்க டான் ஒராசியோ. இப்ப ரோமுல யாரு ஆட்சி?”

“யாருமில்ல. அரசர் இனிமேத்தான் ஆட்சி அமைக்க ஒருத்தரைக் கூப்பிடணும்.”

“அப்ப இன்னிக்கு நாட்டுல ஆட்சியே இல்ல.”

“இல்லங்கறேன்ல.”

“அப்புறமென்ன? இன்னிக்குத் தெறந்தா எந்தப் பிரதமர் வந்து கோவிச்சுக்குவாரு? தாடி காலத்துலயும் தெறக்கல, வக்கீல் காலத்துலயும் தெறக்கல. இதைவிட நல்ல நாளு உங்களுக்கு எப்பங்க வரப்போவுது?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேயர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தலையணையிலிருந்து சாவியை எடுத்துவிட்டாள்.

“மார்ஷல்! பிடிங்க அவளை!”

காவல் மார்ஷல் மீசையைத் தடவினார். அவர் வீட்டுக்கும் அவள்தான் தண்ணீர். “பிடிக்கலாம். ஆட்சியே இல்லாத நாள்ல யாரு உத்தரவுன்னு எழுதறது?”

“உங்க வாய்க்குள்ள போன தண்ணி பூரா என் தலை வழியாத்தான் வந்துச்சு டான் ஒராசியோ,” என்றாள் கார்மோசினா. “இந்த ஒரு தடவை என் கை வழியா வரட்டும்.”

தொட்டியடியிலிருந்த சின்ன இரும்புக் கதவைத் திறந்து சாவியைச் செருகினாள். நாளாகிக் கிடந்த வால்வு அசையமறுத்தது. பல்லைக் கடித்து, அந்தக் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஒரு திருகு திருகினாள். சிங்கம் இருமியது. துருவாக நாலு துப்பு துப்பியது. பாதிரியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியாய், கை தடிமனுக்குத் தண்ணீர் பாய்ந்து தொட்டியில் விழுந்தது.

ஊர் அலறியது. யாரோ எல்லா வேட்டுகளையும் ஒன்றாகப் பற்றவைத்தார்கள். பேண்டு, மந்திரிக்காகப் பழகி வைத்திருந்த பாட்டை அவளுக்காக வாசித்தது. “கார்மோசினா வாழ்க!” என்று முதலில் கத்தியது மென்காதான். மார்ஷல் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகளைக் குவித்துக் குடித்தார். டான் ஒராசியோவும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு வாய் அள்ளினார். “ஜில்லுனுதான் இருக்கு,” என்று ஒப்புக்கொண்டார்.

மென்கா ஒரு குடம் நிரப்பி அவளிடம் நீட்டினாள். குடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கை சிந்தினால்கூட மனசு பதைத்தவள், குடத்தைத் தூக்கி அப்படியே தன் தலையில் கவிழ்த்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை, காலிக் குடத்தை நீட்டினாள்.

“இன்னொண்ணு ஊத்துங்கடி!”