நேரே பார்த்தால் மறைகிற முகம்

தையல்தான் முதலில் கோணியது. வேங்கிக்காலில் சின்னதாக ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தேன். ஒருநாள், நேராக ஓட்டிய தையல் நடுவில் வளைந்து தெரிந்தது. ஊசியை மாற்றினேன். மெஷின் பழுது பார்ப்பவரைத் திட்டினேன். ரவிக்கைக்காரப் பெண்ணோ, "நேராத்தான இருக்குதுக்கா" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். இதை வாசிக்கிறவர்கள் இப்போதே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணைப் பொத்துங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மறைத்துவிடும். நான் போனபோது இரண்டுமே கெட்டிருந்தன.

மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி, முகத்தையும் எழுத்தையும் தெளிவாகக் காட்டுவது அதுதான்) சிதைந்துவிட்டது என்றார் மருத்துவர். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதால் வலி கம்மி, பயம்தான் ஜாஸ்தி.

"போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறத காப்பாத்தலாம்" என்றார். "ஓரப் பார்வை நல்லா இருக்குது. எதையும் நேரா பாக்காம, கொஞ்சம் பக்கத்துல பாருங்க. ஓரளவு தெரியும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். கடைக்காகக்கூட அவ்வளவு அழவில்லை. உண்ணாமுலை அம்மன் முகத்துக்காக அழுதேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் முன்னால் போய் நின்றவள் நான். மருமகளின் சண்டை முதல் மெஷின் பெல்ட் அறுந்தது வரைக்கும் அவளிடம்தான் சொல்வேன்.

என் கணவர் வேறு ரகம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கடவுளுக்கு உருவமே கிடையாது என்பது அவர் கட்சி. செங்கம் ரோட்டில் ஓர் ஆசிரமத்தில் போய்க் கண்ணை மூடி உட்காருவார். என்னை வண்டியில் கோயிலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கோபுர வாசலிலேயே நின்றுகொள்வார்.

ஆறுதலாகத்தான் சொன்னார்: "உருவம் போனா என்ன செல்வி? எங்கியும் நெறஞ்சிருக்கறது போயிடுமா?"

"எங்கியும் நெறஞ்சிருக்கறதுகிட்ட நான் என்னத்தங்க பேசறது? எனக்கு ஒரு மொகம் வேணும்."

நினைவிலாவது அந்த முகத்தை வரவழைத்துவிடலாம் என்று பார்த்தேன். புடவை வந்தது. கரும்பச்சைப் பட்டு, அரக்கு பார்டர், கொசுவத்தின் மடிப்பு எல்லாம் வந்தன. தையல்காரி புத்தி. முகம் மட்டும் வரவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. திரை விலகும்வரை எட்டி எட்டிப் பார்ப்பேன். மணி அடித்து தீபாராதனை காட்டுகிற நேரத்தில் கையைக் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தபோதெல்லாம் நான் இருட்டைத்தான் பார்த்திருக்கிறேன். பார்வை இருந்த அத்தனை வருஷமும் இப்படியே போய்விட்டது.

அவரிடம் சொன்னேன். அந்த இருட்டுதான் உண்மை என்று ஆரம்பிப்பார், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்தேன். அவரோ அடுத்த வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளே வந்தார்.

"பொடவை என்ன கலருங்க?"

"மஞ்சளு."

"எந்த மஞ்சளு? எலுமிச்சையா, மாம்பழமா?"

தடுமாறிப் போனார் மனுஷன். அதற்குள் மணி அடித்தது.

"மொகம் எப்பிடி இருக்குதுங்க?"

கையை நீட்டி அவர் முகத்தைத் தொட்டேன். கண்ணை மூடியிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பழக்கம்.

"கண்ணத் தொறங்க. எனக்கும் சேத்து நீங்கதான் பாக்கணும்."

அவர் திறப்பதற்குள் தீபத் தட்டு எங்களிடம் வந்துவிட்டது.

இப்போது எனக்கு வாரம் என்றால் வெள்ளியிலிருந்து வெள்ளி வரைக்கும்தான். எதைப் பார்க்க நினைத்தாலும் கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறது. கருவறைக்கு முன்னால் நிற்கும்போது பக்கத்துத் தூணைப் பார்க்கிறேன். அப்போதுதான் ஓரத்தில் அவள் மங்கலாகத் தெரிகிறாள். மீதியை அவர் காதருகே சொல்கிறார். மூக்கைச் சொல்லிவிட்டார், உதட்டைச் சொல்லிவிட்டார்.

அவள் கண் எப்படி இருக்கிறது என்று போன வாரம் கேட்டேன்.

"உன்னையேதான் பாக்குது செல்வி" என்றார்.

நான் தூணைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.