ஒரு ஆளைத் தாங்கும் பனி

என் தங்கை கிளாவா மீனைச் சாகடிக்கிற வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பனியில் போட்ட துளையில் மீன் தலை தெரிந்ததும் இடது கை செவுளுக்குள் போகும். வலது கையில் இருக்கும் பிர்ச் மரக் கட்டை கண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை இறங்கும். மீன் விறைத்துக்கொள்ளும், வாலை அடிக்காது. அடுத்த நொடியே அதைப் பனித்தூளுக்குள் புதைத்து, ரத்தம் தெறித்த இடத்தையும் தூளால் மூடிவிடுவாள். எழுந்து நிற்க மாட்டாள். பக்கத்தில் இருப்பவனுக்குக்கூட அவள் மீன் பிடித்தது தெரியாது.

அப்படிச் செய்யக் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் எங்கள் ஒனேகா ஏரியில் ஒருவனுக்கு மீன் மாட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் அவன் நிம்மதி அதோடு போயிற்று. மீன் துள்ளும் சத்தம் போதும். நாலா பக்கமிருந்தும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கை டிரில்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அவனுடைய பூட்ஸ் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளித் துளை போடுவார்கள். சுற்றிச் சுற்றித் துளை. அந்தச் சத்தத்தில் மீன் ஓடிவிடும், பிறகு அடிதடி. படகுத்துறைக்கு எதிரே உள்ள வளைகுடாவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தைக் கூட்டம்தான். அங்கே மூக்கு உடைந்தவன், டிரில் பிடியால் அடிபட்டு விலா எலும்பு போனவன் எங்கள் ஊரில் எல்லாத் தெருவிலும் இருக்கிறான். எல்லாம் விரல் நீளப் பெர்ச்சுக்காக. பூனைக்குப் போடுகிற மீனுக்காக.

கிளாவாவும் முதலில் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்தாள். மர அறுவை ஆலையில் அவள் பலகை அடுக்குகிறாள். நான் அங்கேயே ரம்பங்களுக்குச் சாணை பிடிக்கிறேன். ஈரப் பலகையைத் தனி ஆளாகத் தூக்கித் தோளில் வைக்கக்கூடியவள் அவள். ஒரு நாள் ஆலையில் லாரி ஓட்டும் யெகோர் வந்து, அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே டிரில்லை ஊன்றினான்.

"கொஞ்சம் நகரு கிளாவா. ஒக்காந்த எடத்துல முட்டையா போட்டு வச்சிருக்க?"

கிளாவா எழுந்தாள். பனி உடைக்கிற, மரப்பிடி போட்ட கடப்பாரையை எடுத்து அவன் டிரில்லின் அலகு மேல் ஒரே போடாகப் போட்டாள். அலகு வளைந்தது. அவன் அறைந்தான். அவள் முழங்கையால் வாயில் குத்தினாள். இரண்டு பேரும் பனியில் கட்டிப் புரண்டார்கள். நான் பிரித்துவிடுவதற்குள் அவள் உதடு கிழிந்திருந்தது, அவன் முன்பல் ஒன்று தெறித்து விழுந்திருந்தது. அந்தப் பல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தவளும் கிளாவாதான்.

"இந்தா, இதைக் கட்டித் தூண்டில் போடு. உன் வாயில இருந்தப்ப ஒண்ணும் மாட்டல, இப்பவாவது ஏதாச்சும் மாட்டும்."

அன்றிலிருந்து அவள் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. விடியும்போது கிளம்பி, வளைகுடாவைத் தாண்டி, மரமில்லாத இரண்டு மொட்டைத் தீவுகளுக்கு நடுவிலுள்ள இடுக்குக்குப் போவாள். அங்கே தண்ணீருக்கடியில் ஒரு பாறை முதுகு கிடக்கிறது. குளிர்காலம் முழுவதும் அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணீரில் பெரிய பெர்ச் நிற்கும். முழங்கை நீளம், முதுகு திமில் மாதிரி எழும்பி, அதில் கறுப்புப் பட்டைகள், வயிற்றுத் துடுப்பு ரத்தச் சிவப்பு. எங்கள் ஊரில் அதைக் கூனன் என்போம். வளைகுடாவில் ஒருவன் கூனனைப் பிடித்தால் வருஷக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருப்பான். கிளாவாவின் சறுக்கு வண்டியில் கூனன்கள் விறகு மாதிரி அடுக்கி வரும்.

ஆனால் தண்ணீர் ஓடுகிற இடத்தில் பனி தடிக்காது. மற்ற இடத்தில் பனி மேல் லாரியே போகும். அந்தப் பாறை முதுகின் மேல் ஒரு ஆளைத்தான் தாங்கும், அதுவும் படுத்திருக்கிற ஆளை.

அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். தடித்த பனி முடிகிற விளிம்பு வரை கடப்பாரையால் அடிக்கு அடி குத்திப் பார்த்து நடப்பாள். விளிம்பில் கடப்பாரையை ஆழமாக இறக்கி, அதில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டுவாள். மறுமுனை சறுக்கு வண்டியில் இருக்கும். வண்டி மேல் குப்புறப் படுத்து, ஆணி வைத்த இரண்டு கட்டைகளால் பனியைக் கொத்திக் கொத்தி உள்ளே நகர்வாள். படுத்தபடியே துளை போடுவாள், படுத்தபடியே தகட்டுத் தூண்டிலை இறக்குவாள், படுத்தபடியே கொல்லுவாள். வழியை அளந்து பார்க்க ஒரு தடவை நானும் விளிம்பு வரை போயிருக்கிறேன். அதற்கு மேல் என்னையும் விடவில்லை.

"அண்ணே, இங்கேயே நில்லு. நீ கால வச்சா மீனு போயிடும், நானும் போயிடுவேன், நீயும் போயிடுவே."

"அப்புறம் நீ மட்டும் ஏன்டி போற?"

"அங்க போனாதான் நான் மூச்சு விடுறது எனக்கே கேக்குது."

நான் விளிம்பிலிருந்து திரும்பி வந்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வளைகுடாவில் உட்கார்ந்து, அந்தத் தீவுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூட்டம் அவளைக் கண்டுபிடித்து அங்கே ஓடினால் என் தங்கை தண்ணீருக்கடியில் போவாள். இந்தப் பயம்தான் எனக்கு.

மார்ச் மாதத்தில் அந்த நாள் வந்தது. வெயில் கூசியது. வளைகுடாவில் யாருக்கும் ஒன்றும் மாட்டவில்லை. கையிலிருந்த வோட்காவும் தீர்ந்து, எல்லோரும் எரிச்சலில் இருந்தார்கள். யெகோர் புதிதாக ஒரு பைனாகுலர் வாங்கி வந்திருந்தான்.

"கை போகுது!" என்று கத்தினான். "தீவுக்கிட்ட பாருங்கடா, கை மேல போகுது, கீழ போகுது! படுத்துக்கிட்டே புடிக்கிறா சூனியக்காரி!"

ஏழெட்டுப் பேர் பெட்டியை மாட்டிவிட்டார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

"யெகோர், அங்க போகாத. அடியில தண்ணி ஓடுது. பனி மெலிசு. ஒரு ஆளுக்கு மேல தாங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். யெகோர் லூகாவைக் கை காட்டினான்.

"மெலிசாம்டா! போன மாசம் இந்த லூகா பயலும் மெலிசுன்னுதான் சொன்னான். அவன் உக்காந்த எடத்துல பனி என் இடுப்பு ஒசரம் இருந்துச்சு."

லூகா யெகோரின் லாரியில் மரம் ஏற்றுகிறவன். அவன் வெட்கப்படவே இல்லை. "மீனு இருந்துச்சு, மெலிசுன்னு சொன்னேன். நீங்கல்லாம் சொன்னதில்லயா?"

சொல்லாதவன் எங்கள் ஏரியில் கிடையாது. நல்ல இடம் கிடைத்தவன் எவனும் பனி மெலிசு என்றுதான் சொல்லுவான். அப்பனும் அதைத்தான் சொன்னான், மகனும் அதைத்தான் சொல்லுகிறான். அதனால் நான் சொன்னது அவர்கள் காதில், மீன் அங்கே குவிந்து கிடக்கிறது என்றே விழுந்தது.

"என் தங்கச்சிடா அவ! செத்துருவாடா!"

"தங்கச்சிக்கு மட்டும் தாங்குது, எங்களுக்குத் தாங்காதோ? தள்ளு திமோஃபெய்!"

நான் யெகோரின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். அவன் திரும்பாமலே டிரில்லின் பிடியைப் பின்னால் வீசினான். என் வாயில் பட்டது. பல் உடைகிற சத்தம் வெளியே கேட்காது, மண்டைக்குள் கேட்கும். ரத்தத்தைத் துப்பிவிட்டு என் மீன்பெட்டியைத் தூக்கி லூகாவின் முதுகில் எறிந்தேன். அவன் விழுந்தான். அவன் காலைப் பிடித்துக்கொண்டு நானும் விழுந்தேன். யாரோ என் விலாவில் உதைத்தார்கள். கம்பளி பூட்ஸ் என்பதால் எலும்பு தப்பியது. இன்னொருவன் என் கை மேல் ஏறி நின்றான். பிடி விட்டுப் போயிற்று. அவர்கள் ஓடினார்கள். நானும் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கிளாவா எங்களைப் பார்த்துவிட்டாள். மீனை அப்படியே விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து விளிம்புக்கு வந்து சேர்ந்தாள். கடப்பாரையைப் பிடுங்கிக் கையில் எடுத்தாள். அவர்கள் வந்தபோது விளிம்பில் அவள் நின்றிருந்தாள்.

"இதுக்கு மேல ஒருத்தனும் வராதீங்க. இது தாங்காது."

"நீ இப்பதானே அதுல இருந்து வந்தே? ஒன்னத் தாங்குச்சே, நீ என்ன கோழி எறகா?" என்று லூகா அவளை இடித்துக்கொண்டு போகப் பார்த்தான்.

கடப்பாரையின் மரப்பிடி அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. லூகா அலறி, காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அடுத்தவன் அவள் தலைமுடியைப் பிடித்தான். அவள் தலையைத் திருப்பி அவன் கட்டைவிரலைக் கடித்தாள். அவன் விடவில்லை, அவளும் விடவில்லை. நான் போய் அவன் காதில் குத்திய பிறகுதான் விட்டான். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். லூகாவின் அலறலும் அவள் வாயில் இருந்த ரத்தமும் அவர்களை நிறுத்தின.

இந்த அமளியில் யெகோர் சுற்றி ஓடிவிட்டான்.

அவன் நேராக அவள் துளைகள் இருந்த இடத்துக்குப் போனான். பனித்தூளைக் காலால் தள்ளினான். உள்ளே கூனன்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. "யம்மாடி!" என்று கத்திவிட்டு மண்டியிட்டு டிரில்லைச் சுற்ற ஆரம்பித்தான்.

"யெகோர், படு! அப்படியே குப்புறப் படு!" கிளாவா கத்தினாள்.

"படுத்தா நீ வந்து மீனத் தூக்கிக்குவே!"

முதலில் அவன் முழங்காலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. அவன் கீழே பார்த்தான். பிறகு பனி, மேசை ஒரு பக்கம் சாய்வதுபோலச் சாய்ந்தது. மீன்கள் வழுக்கின, அவன் வழுக்கினான், எல்லாம் கறுப்புத் தண்ணீருக்குள் போனது. டிரில்லும் போனது.

தலை வந்தது. விளிம்பைப் பிடித்தான், விளிம்பு உடைந்தது. அடுத்ததைப் பிடித்தான், அதுவும் உடைந்தது. ஓட்டம் அவன் கால்களைப் பனிக்கடியில் இழுத்தது.

கிளாவா கயிற்றின் முனையை என் கையில் திணித்தாள். "அண்ணே, நான் சொல்ற வரைக்கும் இழுக்காத." வண்டி மேல் குப்புற விழுந்து ஆணிக் கட்டைகளால் கொத்திக்கொண்டு போனாள்.

பக்கத்தில் போனதும் யெகோர் வண்டியைப் பிடிக்காமல் அவளைப் பிடித்தான். முங்குகிறவனுக்குக் கண் தெரியாது. ஒரு கை அவள் சட்டைக் கழுத்தில், ஒரு கை அவள் முகத்தில். அவளையும் சேர்த்து இழுத்தான். அவள் தலை தண்ணீருக்குள் போயிற்று. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை, நான் இழுக்கவில்லை. அதைப்போல ஒரு நேரம் எனக்கு இன்னொன்று வர வேண்டாம்.

அவள் தலை மேலே வந்தது. மீன் அடிக்கிற பிர்ச் கட்டை அவள் கையில் இருந்தது. அவன் நெற்றியில் ஒன்று போட்டாள். அவன் விடவில்லை. மூக்கின் மேல் இன்னொன்று. கை தளர்ந்தது, அவன் மூழ்கத் தொடங்கினான். பெரிய மீனை இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்து, தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்த அவன் உள்ளங்கையில் குத்தி மறுபக்கம் வரவழைத்தாள்.

"இழு!"

நான் இழுத்தேன். நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்து இழுத்தார்கள். கடிபட்டவனும் இழுத்தான். லூகா படுத்தபடியே கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்தான். கிளாவா ஒரு கையால் வண்டியையும் மறு கையால் கொக்கியையும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் யெகோர் பனியை உடைத்து உடைத்து, கூனனைப்போல வாயைத் திறந்துகொண்டு வந்தான். தடித்த பனியில் ஏறியதும் வாந்தி எடுத்தான். பிறகு கையைப் பார்த்துக் கத்தினான்.

"கத்துறான்," என்றாள் கிளாவா. "அப்ப பொழச்சுக்குவான்."

அவள் முடி அதற்குள் உறைந்து கம்பி மாதிரி நின்றது. என் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை யார் செய்தது, போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றாராம். யெகோர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு பெரிய மீனு," என்றானாம். மறுநாள் கிளாவா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நலம் விசாரிக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். "என் கொக்கி எங்கே?" என்று கேட்டு, நர்ஸ் துணியில் சுற்றி வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த குளிர்காலம் அந்த இடுக்கு மறுபடி உறைந்தது. கிளாவா மறுபடி போனாள். நான் வளைகுடாவில் உட்கார்ந்து தீவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த மூன்று பேர் எழுந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்கள்.

"அங்க ஒரு பொம்பள படுத்துக்கிட்டு மீன இழுத்துத் தள்றா. வாங்கடா!"

நான் எழுவதற்குள் யெகோர் எழுந்துவிட்டான். அவன் முன்பல் இல்லாத வாய், கோணிப்போன மூக்கு.

"அங்க போகாதீங்க. பனி மெலிசு."

"மெலிசாமே!" என்று அவர்கள் சிரித்தார்கள். "எங்க ஊர்லயும் மெலிசுன்னுதான் சொல்லுவாங்க."

யெகோர் பல்லால் கடித்துக் கையுறையை இழுத்தான். மடங்காத விரல்களோடு, நடுவில் கொக்கி புகுந்த வடுவோடு உள்ளங்கையை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினான். பிறகு திருப்பி, புறங்கையையும் காட்டினான்.

அவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.